நடுவழியில் வண்டி நின்றால் யாருக்குப் போன்: 1033, ஆர்.எஸ்.ஏ., பக்கத்து ஊர் மெக்கானிக்

நின்றுபோன காரைப் பழுது பார்ப்பது ஒரு வேலை. அதை நெடுஞ்சாலையை விட்டு அப்புறப்படுத்துவது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்து கொடுத்துவிடுவார் என்று நம்பி, ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பதில்தான் பலருக்குப் பாதி இரவு போய்விடுகிறது.

விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில், இரவு பதினொரு மணிக்கு, பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது கார் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுங்கச்சாவடி ரோந்து வண்டி, கார் கம்பெனியின் கால் சென்டர், இன்சூரன்ஸ் கம்பெனியின் கால் சென்டர், பக்கத்து ஊர் மெக்கானிக், ஊரில் இருக்கும் மச்சான் என்று ஐந்து பேரை அழைக்கலாம். ஐந்து பேருமே வரக்கூடியவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் வருவது ஒவ்வொரு வேலைக்கு. யார் எதற்கு வருகிறார் என்பது தெரிந்தால் முதல் போன் யாருக்கு என்பதில் குழப்பம் இருக்காது.

போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. வண்டி உருளும் வரை இடது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள், நான்கு விளக்கும் மினுக்கட்டும், ஆட்கள் எல்லோரும் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகட்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் தள்ளி வைத்தால்கூடப் பின்னால் வருபவருக்கு இரண்டு நொடிதான் கிடைக்கும். நான்குவழிச் சாலையில் 100 மீட்டருக்கு மேல் தள்ளி வைப்பதே நல்லது. டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் பின்னால் நின்று ஸ்டெப்னியை உருவுவது இரவில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். லாரிக்காரர்கள் வைக்கும் கல்லும் வேப்பந்தழையும் பார்க்க உபாயமாகத்தான் தெரியும். லாரி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும், அடுத்து வரும் பைக்காரருக்கு அது எமன்.

1033: சாலையைக் காலி செய்ய வருபவர்கள்

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர உதவி எண் 1033. நாடு முழுக்க இந்த எண் 2018-இல் வந்தது. அழைத்தால் அந்தச் சாலைப் பகுதியைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரரின் ஆட்களுக்குத் தகவல் போகும். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் மூன்றும் அவர்களிடம் இருக்க வேண்டும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று சென்னையிலிருந்து திருச்சி போகும் வழியில் கட்டிக்கொண்டே போகிறோமே, அந்தச் சுங்கத்தில் இந்தச் சேவையும் அடக்கம். பலருக்கு இது தெரிவதில்லை.

அவர்களுடைய வேலை சாலை மறிக்காமல் பார்த்துக்கொள்வது. உங்கள் வண்டிக்குப் பின்னால் கூம்பு வைப்பார்கள், சுழல் விளக்கு போட்ட வண்டியை நிறுத்துவார்கள், தேவைப்பட்டால் கிரேனால் இழுத்துப் பக்கத்துச் சுங்கச்சாவடியிலோ பாதுகாப்பான ஓரத்திலோ விடுவார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஃபேன் பெல்ட் மாற்றித் தரச் சொல்லியோ திருச்சி வரை இழுத்துப்போகச் சொல்லியோ அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் அந்தச் சுழல் விளக்கு வந்து பின்னால் நின்றாலே பெரிய ஆபத்து பாதி குறைந்துவிடும். அதனால் தேசிய நெடுஞ்சாலையில், அதுவும் இரவில், முதல் போன் 1033-க்குத்தான் என்பது என் கட்சி. மெக்கானிக் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் அவர் இரண்டாவது.

தொப்பூர் கணவாய் மாதிரி இடமென்றால் இதில் விவாதமே வேண்டாம். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே அந்த இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் சூடேறிக் கட்டுப்பாடு இழப்பது அடிக்கடி செய்தியில் வருவதுதான். அங்கே நின்ற காரை என்ன செய்வது என்று பானெட்டைத் திறந்து யோசிப்பதற்கு நேரம் கிடையாது.

1033-இல் பேசும்போது முதலில் கேட்பது இடம். பெட்ரோல் பங்க்கும் கல்யாண மண்டபமும் அடையாளமாகச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியாது. ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் கல்லில் இருக்கும் சாலை எண்ணையும் கிலோமீட்டரையும் சொல்லி, எந்த ஊரிலிருந்து எந்த ஊர் போகும் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் வண்டி வந்துவிட்டால் சுற்றி வர அடுத்த பாலம் வரை போக வேண்டும். கடைசியாகத் தாண்டிய சுங்கச்சாவடி எதுவென்று மறந்துவிட்டால் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியில் பெயர் இருக்கும்.

பச்சைக் கல் என்றால் 1033-க்கு அங்கே வேலையில்லை. மாநில நெடுஞ்சாலையிலும் மாவட்டச் சாலையிலும் ஆபத்தான இடத்தில் மாட்டிக்கொண்டால் 112-இல் போலீஸ் ரோந்தைக் கேட்கலாம்.

ஆர்.எஸ்.ஏ.: யாரிடம் வாங்குவது

ரோடுசைடு அசிஸ்டன்ஸ், சுருக்கமாக ஆர்.எஸ்.ஏ., இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று, கார் கம்பெனி தருவது. புதுக் கார் வாங்கும்போது வாரண்டியோடு சேர்ந்து வரும், அப்புறம் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். இன்னொன்று, முழு இன்சூரன்ஸ் எடுக்கும்போது கூடுதலாகச் சில நூறு ரூபாய் கட்டிச் சேர்த்துக்கொள்வது. இதைத் தவிர தனியாக ஆர்.எஸ்.ஏ. மட்டும் விற்கும் நிறுவனங்களும் உண்டு.

மூன்றிலும் விளம்பரத்தில் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட், பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றித் தருவது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் கதவைத் திறப்பது, பெட்ரோல் தீர்ந்தால் சில லிட்டர் கொண்டுவந்து ஊற்றுவது, எதுவும் முடியாவிட்டால் வண்டியை இழுத்துப்போவது. பெட்ரோல் காசு உங்களுடையது. வித்தியாசம் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கிறது: வருடத்துக்கு எத்தனை முறை, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுப்பார்கள், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, எந்த ஒர்க்‌ஷாப்புக்கு.

அந்தக் கடைசிக் கேள்விதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். கார் கம்பெனியின் ஆர்.எஸ்.ஏ. வண்டியைத் தன் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோகும். இன்சூரன்ஸ்காரர்களுக்கு அவர்களுடைய கேஷ்லெஸ் கராஜ் (பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் கராஜ்) பட்டியல் இருக்கும். உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கின் ஷெட்டில் கொண்டுபோய் இறக்கச் சொன்னால் சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். வாரண்டி இருக்கும் கார் எப்படியும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், ஆகவே அதற்குக் கம்பெனி ஆர்.எஸ்.ஏ. பொருத்தம். வாரண்டி முடிந்து, ஏழெட்டு வருடமாகத் தெரிந்த மெக்கானிக்கிடமே விட்டுவரும் காருக்கு அதைப் புதுப்பிப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இன்சூரன்ஸோடு வரும் சின்னத் தொகை போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: புதுப்பிக்கும்போது மலிவாக இருக்கிறதே என்று வேறு கம்பெனிக்கு மாறினால் பழைய ஆர்.எஸ்.ஏ. அங்கேயே நின்றுவிடும். புதியதில் அதைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

ஆர்.எஸ்.ஏ. இல்லாத முழு இன்சூரன்ஸிலும் இழுப்புச் செலவுக்குக் கொஞ்சம் இடமுண்டு. விபத்தானால் காருக்கு 1,500 ரூபாய் வரை, பைக்குக்கு 300 ரூபாய் வரை. இந்தத் தொகைக்கு இரவில் ரெக்கவரி வண்டி எவ்வளவு தூரம் வரும் என்பது உங்களுக்கே தெரியும். அதுவும் விபத்துக்குத்தான், தானாக நின்றுபோன வண்டிக்கு அல்ல.

கால் சென்டரில் பேசுபவர் எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் செய்வது, உங்கள் பக்கத்து ஊரில் ஒப்பந்தம் போட்டிருக்கும் ரெக்கவரி வண்டிக்காரரைத் தேடிப் பிடிப்பது. பல நேரம் கம்பெனி ஆர்.எஸ்.ஏ. அழைத்தாலும் இன்சூரன்ஸ் ஆர்.எஸ்.ஏ. அழைத்தாலும் வந்து நிற்பது அதே வண்டி. விழுப்புரம், திண்டிவனம், திருச்சி மாதிரி பெரிய ஊருக்குப் பக்கத்தில் இது நன்றாக வேலை செய்யும். ஏற்காடு ஏறும் வழியிலோ, ஜவ்வாது மலையிலோ, சிக்னலே இல்லாத மாவட்டச் சாலையிலோ "இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம் சார்" என்பதே திரும்பத் திரும்பப் பதிலாக வரும். மலைப்பகுதி அடிக்கடி போகிறவர்கள் ஆர்.எஸ்.ஏ.-வை மட்டும் நம்பிப் போகாமலிருப்பது நல்லது.

பக்கத்து ஊர் மெக்கானிக்

வேகத்தில் இவரை யாரும் மிஞ்ச முடியாது. பேட்டரி டெர்மினல் தளர்ந்தது, ஃபியூஸ் போனது, ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்தது, பெல்ட் அறுந்தது போன்றவற்றை டார்ச் வெளிச்சத்தில் முடித்துவிட்டுப் போய்விடுவார். பழைய காருக்கு இவர்தான் ராஜா. ஆர்.எஸ்.ஏ. வண்டி வந்து, காரை ஏற்றி, காலையில் திறக்கும் சர்வீஸ் சென்டர் வாசலில் போட்டுவிட்டு, நீங்கள் லாட்ஜ் தேடுவதை விட இது எவ்வளவோ மேல்.

புதுக் காரில் கதை மாறுகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து இன்ஜின் திணறினால், ஸ்கேனர் இல்லாமல் அவர் செய்யக்கூடியது ஊகம்தான். ஊகத்தில் கழற்றிய சென்சாருக்காகப் பிறகு வாரண்டி மறுக்கப்படலாம்.

இன்னொரு விஷயம் கயிறு. கயிறு கட்டி இழுப்பது நம் சாலைகளில் சாதாரணம். மேனுவல் கியர் பழைய காருக்கு, கொஞ்ச தூரம், மெதுவாக என்றால் அது ஓடும். ஆட்டோமேட்டிக் காரை அப்படி இழுக்கக் கூடாது. கியர் பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் பெரும்பாலும் ஓடும். இன்ஜின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே உலர்ந்து தேயும். மின்சாரக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்க ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் லாரிதான் வேண்டும். 1033 கிரேன் வந்தால்கூட, முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தை உருட்டும் வகையா என்று கேட்டுவிட்டு, வண்டி எந்த வகை என்பதைச் சொல்லிவிடுங்கள். பக்கத்துச் சுங்கச்சாவடி வரை பத்துக் கிலோமீட்டர் உருட்டியதற்குக் கியர் பாக்ஸ் விலை கொடுக்க நேரக் கூடாது.

அழைக்காமலே வந்து நிற்கும் ரெக்கவரி வண்டியிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. எந்த ஒர்க்‌ஷாப்புக்கு, மொத்தம் எவ்வளவு என்பதைக் கொக்கி மாட்டும் முன்பே பேசி முடியுங்கள். வண்டியை ஏற்றிய பிறகு பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. கிலோமீட்டர் ரீடிங்கையும் வண்டியின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

மச்சானை மறந்துவிட்டோம். வண்டிக்கு அவரால் ஒன்றும் ஆகாது, ஆட்களுக்கு ஆகும். வயதானவர்களையும் பிள்ளைகளையும் பத்திரமாக வீட்டுக்கோ லாட்ஜுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கார் வந்தால், மீதியிருக்கும் ஒருவர் ரெக்கவரிக்காரருக்காக எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். பெண்கள் தனியாக ஓட்டிப் போகும்போது இந்தப் போன் 1033-க்கு அடுத்ததாகவே இருக்கட்டும்.

மோதல் என்றால் வரிசை மாறும்

ஆளுக்கு அடிபட்டிருந்தால் வண்டியைப் பற்றிய எல்லாப் பேச்சும் பிறகு. 108-க்காகக் காத்திருப்பதா, நம் காரிலோ வருகிற ஆட்டோவிலோ போட்டுக்கொண்டு ஓடுவதா என்பதுதான் அங்கே எழும் கேள்வி. தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இலிருந்து இலவசமாக ஓடுகிறது. வண்டியில் பயிற்சி பெற்றவர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது, கழுத்தை அசையாமல் பிடிக்கும் பட்டை இருக்கிறது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவரை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடும்போது, முதுகெலும்பில் இருந்த விரிசல் முறிவாகிவிடலாம். நினைவோடு பேசிக்கொண்டிருப்பவர், மூச்சு சீராக இருப்பவர் என்றால் அசைக்காமல் 108 வரும் வரை காத்திருங்கள். ரத்தம் பீறிட்டு நிற்காமல் போனால், துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடியுங்கள், விடாதீர்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று 108-இல் பேசுபவரே சொன்னால் அப்போது நம் வண்டி. வண்டி தீப்பிடிக்கும் நிலை, தண்ணீரில் விழுந்த நிலை என்றால் யாரும் காத்திருக்கச் சொல்லப்போவதில்லை.

தேசிய நெடுஞ்சாலையில் 108-ஐயும் 1033-ஐயும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழைக்கலாம். சுங்கச்சாவடி ஆம்புலன்ஸ் சில நேரம் முந்திக்கொண்டு வந்துவிடும்.

எந்த மருத்துவமனை என்பதில் இன்னும் பழைய பயமே ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் கட்டினால்தான் தொடுவார்கள் என்று நினைத்து, ஏ.டி.எம். தேடிக்கொண்டு நேரத்தைத் தொலைக்கிறார்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்ட யாருக்கும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். இது போக, ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். சென்னை–திருச்சி வழியில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. தலையில் அடிபட்டவரை சிறிய கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து இன்னொரு இடம் என்று அலைவதைவிட இப்படிப்பட்ட இடத்துக்கு நேராகப் போவது பெரும்பாலும் நல்லது. 108-இல் வருபவருக்கு எங்கே என்ன வசதி என்பது தெரியும், அவரோடு வாதாடாதீர்கள்.

வழியில் போகிறவர் தூக்கிவிடலாமா, கேஸில் மாட்டுவோமா? இந்தத் தயக்கத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்த 134ஏ பிரிவு இரண்டும், உதவியவர் மேல் வழக்கு வரக் கூடாது, பெயரையும் போன் நம்பரையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன. உயிருக்குப் போராடுபவரைத் தக்க நேரத்தில் கொண்டுசேர்த்தவருக்கு ஒன்றிய அரசின் பரிசுத் தொகை 25,000 ரூபாயாகவும் உயர்ந்திருக்கிறது.

மோதியது நம் வண்டி என்றால் நிற்பதா, போய்விடுவதா? கூட்டம் கூடி அடிக்க வந்துவிடும் என்ற பயம் பொய்யில்லை. சட்டத்துக்கே அது தெரியும். அதே சட்டத்தின் 134-ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஓட்டுநர் ஆவன செய்ய வேண்டும் என்று சொல்லும்போதே, கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாத நிலை இருந்தால் அதற்கு விலக்கும் தருகிறது. அந்த விலக்கு, அந்த இடத்தை விட்டு விலகுவதற்கு மட்டும்தான். வீட்டுக்குப் போய் வண்டியை ஷெட்டில் மறைப்பதற்கு அல்ல. வண்டியில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு 108-ஐயும் 112-ஐயும் அழையுங்கள், நேராக அடுத்த காவல் நிலையத்துக்குப் போங்கள். எப்படிப் பார்த்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் போயாக வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். ஓடிப்போனவருக்காக எந்த வக்கீலும் நன்றாகப் பேச முடியாது.

சின்ன உரசல்: கையில் வாங்குவதா, கிளைம் போடுவதா

ஆளுக்குக் கீறல்கூட இல்லை, பம்பர் மட்டும் உடைந்தது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளைம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேத பிரீமியத்தில் தள்ளுபடி 20, 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50 சதவீதத்தில் நிற்கும். இதைத்தான் என்.சி.பி. என்கிறார்கள். ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும்.

தள்ளுபடி இல்லாத பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதம் வைத்திருப்பவர் 6,000 கட்டுகிறார். கிளைம் போட்டால் அடுத்த வருடம் 12,000, அப்புறம் 9,600, 9,000, 7,800, 6,600 என்று இறங்கித்தான் மறுபடி 6,000-க்கு வருவார். கூடுதலாகக் கட்டியது 15,000 ரூபாய். வருடா வருடம் வண்டியின் மதிப்பு இறங்குவதால் உண்மையில் கொஞ்சம் குறையும், ஆனால் நிலைமை அதுதான்.

கிடைப்பது எவ்வளவு? 8,000 ரூபாய் பிளாஸ்டிக் பம்பருக்கு, தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பு எடுக்காதவருக்கு, பாதி தேய்மானமாகப் போய்விடும். மீதி 4,000-இல், 1500 சி.சி. வரையுள்ள கார் என்றால் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1,000 கழியும். 3,000 ரூபாய்க்காக 15,000 போகிறது. ஜீரோ டெப் இருந்தால் 7,000 கிடைக்கும், அப்போதும் நஷ்டம்தான். என்.சி.பி.-யைக் காக்கும் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் கணக்கு வேறு. விளக்கு, பம்பர், பானெட் எல்லாம் சேர்ந்து 30,000, 40,000 என்று போனால் யோசிக்காமல் கிளைம் போடுங்கள்.

எதிராளி தவறு, அங்கேயே காசு தருகிறேன் என்கிறார் என்றால் வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. இரண்டு வண்டி நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோ, அவருடைய லைசென்ஸ் போட்டோ, இருவரும் கையெழுத்திட்ட இரண்டு வரித் தாள் இருக்கட்டும். பணத்தை ரொக்கமாக வாங்காமல் யு.பி.ஐ.-யில் வாங்கினால் தடயமும் இருக்கும்.

ஆளுக்கு அடிபட்டிருந்தால் இந்தச் சமாதானத்துக்குப் போகவே போகாதீர்கள். "ஒன்றுமில்லை சார், லேசான வலிதான்" என்று எழுந்து போனவருக்கு இரவில் வாந்தி எடுத்து, காலையில் ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரியலாம். அப்போது உங்கள் ஐயாயிரம் ரூபாயும் தாளும் உதவாது. காவல் நிலையத்தில் சொல்லி, எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டால் புகார் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். அடிபட்டவருக்கான இழப்பீட்டில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. சொத்துச் சேதத்துக்குத்தான் காருக்கு 7.5 லட்சம் என்று வரம்பு. இவ்வளவு பெரிய காப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தப் பாக்கெட்டிலிருந்து பேரம் பேசுவது புத்திசாலித்தனமில்லை. அடிபட்டவருக்கும் அது அநியாயம். அவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்குப் போலீஸ் பதிவு வேண்டும்.

மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு தனித் தேர்வு

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீரில் நின்ற கார்களை எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் வடிந்ததும் "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே" என்று தோன்றும். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. சாவியைத் திருகியதும் கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் இன்ஜின் பிளாக்கே உடையும். தண்ணீரில் நின்றதால் வந்த சேதத்தை முழு இன்சூரன்ஸ் ஏற்கும். ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை, அது உங்கள் செயலின் விளைவு என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு இதற்காகவே இருக்கிறது. தாழ்வான தெருவிலோ அடித்தளப் பார்க்கிங்கிலோ நிற்கும் காருக்கு, ஆர்.எஸ்.ஏ.-வா இன்ஜின் புரொடெக்டா, ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மேடான தெருவில் நிற்கும் காருக்கு இன்ஜின் புரொடெக்ட் வேண்டியதில்லை.

வெள்ளம் வந்த வாரத்தில் எந்த கால் சென்டரும் சொன்ன நேரத்துக்கு வண்டி அனுப்ப முடியாது, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அழைக்கும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவைத்து, தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்ற கறையோடு போட்டோ எடுத்து, கிளைம் எண்ணை வாங்கிவிட்டால் போதும். ரெக்கவரி வண்டி நாலு நாள் கழித்து வந்தாலும் கிளைமுக்கு ஒன்றும் ஆகாது.